தவமணியோடு வந்தவர்கள்

அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான், வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை என்றாள் ரெஜினா என்ற அந்தப் படமெடுக்கும் பெண். தவமணியின் முகத்தின்மேல் ஒரு வெள்ளைக் கூண்டைக் கவிழ்த்தாள்; காதுகளின் இரு புறமும் பஞ்சுத் திண்டுகளைச் செருகினாள்; வலக்கையில் காற்றடைத்த ரப்பர்ப் பந்து ஒன்றைத் திணித்து, "தாங்கவே முடியலைன்னா மட்டும் இதை அமுக்குங்கம்மா. சும்மா அமுக்கிறாதீங்க, படம் கெட்டுப்போகும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். தாங்கவே முடியாவிட்டால். எதை என்று அவள் சொல்லவில்லை. படுக்கை பின்னோக்கி நகர்ந்து அந்தக் குகைக்குள் தலையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மூக்குக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் வெள்ளைக் கூரை. எங்கிருந்தோ குளிர்ந்த காற்று. பிறகு, இரும்பை இரும்பு அறைவதைப் போன்ற ஓசை தொடங்கியது. அவர்களுடைய காபித்தூள் கடையில் கொட்டை வறுக்கும் உருளையின் அச்சு தேய்ந்திருந்தபோது இப்படித்தான் சத்தம் வந்தது. ஆனால் அந்தச் சத்தத்தை நிறுத்த அவள் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு விசை இருந்தது. இங்கே இருப்பது ஒரு பந்து; அதையும் சும்மா அமுக்கக் கூடாது. சும்மா. இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. சும்மா ஒரு ஸ்கேன் என்றார் கணவர் ராஜாங்கம். சும்மா ஒரு இரத்தப் பரிசோதனை. மூக்குக்குள் குழாயை விட்டு ஒரு சதைத் துணுக்கைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்களே, அதுவும் சும்மாதான். திண்டுக்கல்லில் கடையைப் பூட்டிவிட்டு மதுரைக்கு வந்து லாட்ஜில் அறையெடுத்துத் தங்கியிருப்பதும், அண்ணன் குருநாதன் வேலையை விட்டுவிட்டுக் கூடவே திரிவதும், அவள் உள்ளே வந்ததும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பதும், எல்லாம் சும்மா. "சைனஸ் கொஞ்சம் முத்திப்போச்சு தவம், அதைச் சுத்தம் பண்ணப் போறாங்க, அம்புட்டுத்தான்." சொல்லும்போது ராஜாங்கம் அவளுடைய கண்ணைப் பார்ப்பதில்லை, பார்த்தால் இடக்கண்ணைப் பார்க்க வேண்டியிருக்கும். அது கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குப் பிதுங்கி, இப்போது யாரோ உள்ளேயிருந்து விரலால் தள்ளிக்கொண்டிருப்பதைப் போல நிற்கிறது. சைனஸாம். முதல் நாள் இந்தக் கட்டடத்துக்குள் நுழையும்போது வாசலில் இருந்த பலகையை மறைப்பதற்காக அவர் பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்து வந்தார். ஐந்தடி மூன்றங்குல மனிதர். பலகையோ ஆள் உயரத்துக்கு மேலே, புற்றுநோய் அறுவைச் சிகிச்சைப் பிரிவு என்று நீலத்தில் எழுதியது. அவள் படித்துவிட்டாள். படித்துவிட்டாளோ என்று அண்ணன் பயந்துபோய், "இந்தக் கட்டடத்துலதான் பாப்பா ஏசி நல்லாருக்குமாம், அதான் இங்க எழுதிக் குடுத்திருக்காங்க" என்றார். ஐம்பத்தொரு வயதுப் பெண்ணிடம். கடையில் இத்தனை ஆண்டு கொள்முதல் செய்து, எடைக்கல்லில் ஏமாற்றுபவனைக் கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்தவளிடம்.

சத்தம் நின்றது. நின்றதும் தன் இரத்தம் காதுக்குள் ஓடுவது கேட்டது. மறுபடி வேறொரு சுருதியில் தொடங்கியது, இம்முறை மரங்கொத்தியைப் போல. உள்ளே வருவதற்குமுன் உடம்பில் இருக்கும் உலோகம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். வளையல், தோடு, மெட்டி. தாலிச் சங்கிலியைக் கழற்ற வேண்டும் என்று ரெஜினா சொன்னபோது ராஜாங்கத்தின் முகம் சுண்டிப்போனது. "கழட்டாம எடுக்க முடியாதாம்மா?" முடியாது என்றாள் அவள், உள்ளே இருப்பது காந்தம், உலோகம் சூடாகும், படமும் கெடும். உடனே மனிதர் வெளியே ஓடினார். ஆஸ்பத்திரிக்கு எதிரே பூக்கடையில் மஞ்சள் கயிறும் மஞ்சள் கிழங்கும் வாங்கி வந்து, நடைபாதையில், சக்கர நாற்காலிகள் போய்க்கொண்டிருக்க, அவள் கழுத்தில் கட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் சங்கிலியைக் கழற்ற விட்டார். ஒரு விநாடி கூட வெறுங்கழுத்தாய் இருக்கக் கூடாதாம். கண்ணில் நீர் வேறு. கழுத்தைப் பற்றி இத்தனை கவலைப்படுகிற மனிதர் கண்ணைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது. மூக்குத்தி வரவில்லை. சிறுவயதில் குத்தியது, திருகு அழுக்கேறிச் சதையோடு ஒட்டிக்கிடந்தது. சோப்பு நீர் தடவி, ரெஜினா திருகித் திருகி எடுத்தாள். எடுத்தபோது ஒரு சொட்டு இரத்தம் வந்தது. இடப்பக்கம். எல்லாமே இடப்பக்கம். அதைத்தானே அவள் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்? இடது மூக்கு மட்டும் அடைக்கிறது, இடது மூக்கிலிருந்து மட்டும் இரத்தம் கசிகிறது என்று எத்தனை தடவை சொன்னாள், திண்டுக்கல் மூக்கு டாக்டரிடம். அவர் எழுதிக்கொண்டே கேட்டார், கேட்டுக்கொண்டே எழுதினார். காபித் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். ஆவி பிடிக்கச் சொன்னார். அடுத்த முறை மூக்குத்தண்டு வளைந்திருக்கிறது என்றார். அதற்கடுத்த முறை, தலைவலியும் சேர்ந்துகொண்டது என்று சொன்னபோது, அவளிடம் பேசாமல் ராஜாங்கத்தைப் பார்த்து, "இந்த வயசுல லேடீஸுக்கு இதெல்லாம் வரும் சார், மனசை லேசா வச்சுக்கச் சொல்லுங்க" என்றார். லேசா வச்சுக்கச் சொல்லுங்க. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கை நீட்டினால் அவருடைய மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை எடுக்கலாம். எடுத்திருக்க வேண்டும். ஒரு முறை, ஒரே ஒரு முறை, குழாயை மேலே ஏற்றி உச்சி வரைக்கும் அவர் பார்த்திருந்தால் அது அப்போது ஒரு காபிக்கொட்டை அளவுதான் இருந்திருக்கும். இப்போது எலுமிச்சை அளவு. இந்த அளவுகளை அவளிடம் யாரும் சொல்லவில்லை. கதவிடுக்கு வழியாக வந்தன. கோபத்தில் தாடை இறுகியது. தாடையை அசைக்கக் கூடாது. கோபப்படுவதற்குக் கூட இங்கே இடமில்லை.

மரங்கொத்தி நின்று ஒரு நீண்ட ரீங்காரம் எழுந்தது. பல்லின் வேர் வரைக்கும் அதிர்ந்தது. இந்தப் பெட்டிக்குள் என்ன வாடை அடிக்கும்? பிளாஸ்டிக் வாடையா, டெட்டாலா? அவளுக்கு ஒன்றுமில்லை, காற்று வெறுமனே குளிராக உள்ளே போய் வெறுமனே வெளியே வந்தது, கண்ணாடி வழியாகப் போகிற மாதிரி. மணம் போய்விட்டது என்பதே அவளுக்குத் தெரியாமல் போயிற்று. இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வறுவலில் நிறம் முக்கியம், வெடி முக்கியம். கொட்டை சூடேறிப் படபடவென்று வெடிக்கும் சத்தத்தை வைத்தே பாதித் தூரம் போய்விடலாம். ஆனால் கடைசி நேரம் மூக்குக்குத்தான் சொந்தம். பதத்துக்கும் கரிக்கும் நடுவில் இருக்கிற அந்த இழையளவு இடைவெளியில் புகையின் மணம் ஒரு மாதிரி இனிக்கும். அந்த இனிப்பு வந்த கணத்தில் உருளையின் வாயைத் திறந்து கொட்டிவிட வேண்டும். அவள் அந்த மணத்தை நுகர்ந்துதான் திறந்தாள். ஒவ்வொரு நாளும் நுகர்ந்தாள். சத்தியமாக நுகர்ந்தாள். மூக்கு செத்துப்போன பிறகும் மனம் பழைய மணத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது, கொஞ்சம் தாமதமாக. அந்தத் தாமதத்தில் கொட்டை கருகியது. அதை அவள் அறியவில்லை, ஏனென்றால் ராஜாங்கம் அறிந்துகொண்டுவிட்டார். அவள் வறுத்ததை இரவோடிரவாக மூட்டைகட்டி ஒதுக்கிவிட்டு, நிலக்கோட்டையிலிருந்து வேறொருவர் வறுத்த கொட்டையை வாங்கிவந்து அவளுடைய தகர டின்களில் நிரப்பி வைத்தார். காலையில் அவள் டின்னைத் திறந்து ஒரு பிடி அள்ளி, மூக்கருகே கொண்டுபோய், "நேத்து வறுவல் நல்லா அமைஞ்சிருக்குங்க" என்பாள். அவர் தலையாட்டுவார். எத்தனை காலம் அந்த நாடகம் நடந்திருக்கும்? அவர் ஊரில் இல்லாத ஒரு நாள், டின் மாற்றப்படாமல் இருந்துவிட்டது. பேருந்து நிலையத்தருகே இட்லிக்கடை வைத்திருக்கும் சுலைகா பீவி பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டாள். "ஏக்கா, காபித்தூள் கேட்டா அடுப்புக்கரியக் கட்டிக் குடுத்திருக்கீக. பல்லு வெளக்கவா?" கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். தவமணியும் சிரித்தாள். பொட்டலத்தைப் பிரித்து ஆழமாக முகர்ந்தாள். பீபெரிக் கொட்டையும் ஏ கிரேடு கொட்டையும் கலந்த, கொஞ்சம்கூடச் சிக்கரி சேராத, அவளுடைய மணம் வந்தது. "நல்லாத்தானடி இருக்கு" என்றாள். சுலைகா அதற்கும் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தவள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அந்த நிறுத்தம். சிரித்துக்கொண்டிருந்த முகம் மெல்ல மெல்ல அணைந்து, அதில் இரக்கம் வந்து உட்கார்ந்ததே, அதை இந்தப் பெட்டிக்குள்ளும் அவளால் பார்க்க முடிந்தது. "உனக்கு மனசு கஷ்டப்படும்னுதான் தவம் சொல்லல" என்றார் ராஜாங்கம், ஊர் திரும்பிய இரவு. தன்னுடைய மூக்கு செத்த சேதியைக் கூட அவள் ஊரார் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அன்றே அவர் சொல்லியிருந்தால், கருகிய முதல் மூட்டையை அவள் கண்முன்னே கொட்டி, ஏண்டி உனக்கு மூக்கில்லையா என்று ஒரு அதட்டு அதட்டியிருந்தால், அவள் அன்றே மதுரைக்கு வந்திருப்பாள். அந்த ஊர் டாக்டர் ஒருபுறம் ஆவி பிடிக்கச் சொன்னார். இந்த மனிதர் மறுபுறம் டின்னை மாற்றினார். ஒருவர் அலட்சியம், ஒருவர் அன்பு. வேலை என்னவோ இரண்டும் ஒன்றையேதான் செய்தன. வளர விட்டன.

முதுகில் ஒரு இடம் அரித்தது. அசையக் கூடாது. இடது தோள்பட்டைக்குக் கீழே, கை எட்டாத இடம். அரிப்பை நினைக்காமலிருக்க அவள் அந்தக் கதவை நினைத்தாள். அதை நினைத்தால் வேறெதுவும் நிற்காது. டாக்டர் நாச்சியப்பனின் அறைக்கதவு. நல்ல மனிதர்தான், முதல் நாள் அவளையும் உட்காரவைத்துத்தான் பேசத் தொடங்கினார். பயிற்சி மருத்துவர்கள் நாலைந்து பேர் சுவரோரம் நின்றார்கள். கணினித் திரையில் அவளுடைய தலை, வாழைத்தண்டை அரிந்த மாதிரி வட்டம் வட்டமாக. "ரொம்ப அபூர்வம்" என்றார் அவர், அவர்களைப் பார்த்து. அவர்கள் கழுத்தை நீட்டினார்கள். அவர்களில் ஒரு பெண்ணின் முகத்தில் ஒரு பூரிப்பு. வியாபாரிகள் குவியலுக்குள் அரிதான உருண்டைப் பீபெரிக் கொட்டையைக் கண்டால் உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார்களே, அதே பூரிப்பு. அவளுக்கு அந்தப் பெண்மேல் கோபமில்லை, கொஞ்சம் இருந்தது, இல்லை, நிறையவே இருந்தது. அபூர்வம் என்றால் அவளுக்கு என்ன? ஊரில் எல்லாருக்கும் வருகிற நோயாக இருந்திருந்தால் அந்த மூக்கு டாக்டருக்கும் தெரிந்திருக்கும். அதற்குமேல் டாக்டர் பேசுவதற்குள் ராஜாங்கம் எழுந்து, "சார், ஒரு நிமிஷம்" என்று கண்ணால் ஏதோ காட்டினார். அண்ணன் அவள் முழங்கையைத் தொட்டு, "நீ கொஞ்சம் வெளியே உக்காரு பாப்பா" என்றார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் வாசலில் நிற்கிற ஊழியர் குரல் கொடுப்பார்: "தவமணி கூட வந்தவங்க." அவளுடைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார், ஆனால் அவளைக் கூப்பிட மாட்டார். அவர்கள் இருவரும் எழுந்து போவார்கள். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பிணை கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல் நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருப்பவளைப் போல உட்கார்ந்திருப்பாள். நேற்றும் அப்படித்தான். ஆனால் நேற்று வாசலில் கிடந்த கால்மிதி மடங்கிக் கதவுக்கடியில் சிக்கிக்கொண்டதால் கதவு முழுதாகச் சாத்தவில்லை.

அவள் அசையவில்லை, நேற்றும். அப்போதே பயிற்சி எடுத்துவிட்டாள் போலும். மூக்கின் கூரைக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு மெல்லிய எலும்பு இருக்கிறது, சல்லடை மாதிரி துளை துளையாக, அதன் வழியாகத்தான் மணமறியும் நரம்புகள் கீழே இறங்குகின்றன என்றது டாக்டரின் குரல், அந்த நரம்பின் வேரில் முளைத்த கட்டி இது, புற்று. சல்லடையைத் தாண்டி மேலே மூளையின் உறையைத் தொட்டுவிட்டது. இடப்பக்கம் கண்குழியின் சுவரைத் தின்றுவிட்டது. சல்லடை. அவள் வாழ்நாளெல்லாம் சல்லடை பிடித்தவள். மண்டைக்குள்ளும் ஒன்றை வைத்துத்தான் படைத்திருக்கிறார்கள், அதில்தான் இது சிக்கியிருக்கிறது. மேலேயிருந்து மண்டையைத் திறந்து ஒரு குழு, கீழேயிருந்து மூக்கு வழியாக ஒரு குழு, இரண்டும் சேர்ந்து எடுக்க வேண்டும், பிறகு கதிர்வீச்சு. நல்லபடியாக எடுத்துவிட்டால் பல வருடம் நன்றாக இருக்கிறவர்கள் உண்டு. அதைக் கேட்டபோது அவளுக்கு மூச்சு வந்தது. மணம் இனித் திரும்பாது என்றது குரல், போகிற போக்கில். அதன்பிறகுதான் கண்ணுக்கு வந்தது. கண்ணைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது; கட்டி அதைத் தொட்டுக்கொண்டு மட்டும் நின்றால் உறையை உரித்துவிட்டுக் கண்ணைக் காப்பாற்றலாம்; துளைத்துக்கொண்டு உள்ளே போயிருந்தால் ஒன்று கண்ணையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும், அல்லது முதலில் மருந்து ஏற்றிச் சுருங்குகிறதா என்று பார்க்கலாம், ஆனால் அதில் கைமீறிப் போகும் அபாயமும் உண்டு; நாளை எம்.ஆர்.ஐ. எடுப்போம், பார்த்துவிட்டு நீங்கள் ஒரு முடிவு சொல்லுங்கள். நீங்கள் என்றது அவளை இல்லை. "எடுத்துருங்க டாக்டர்" என்றார் அண்ணன், மாடு பிடிக்கிற தரகர் மாதிரி உடனே. "கண்ணென்ன கண்ணு, ஆளு இருந்தாப் போதும்." "அதெப்புடி மச்சான், கண்ண எடுத்தா அவ உசுரோட இருக்க மாட்டா. எனக்குத் தெரியாதா அவளப் பத்தி? மருந்தே ஏத்திப் பாப்போம்." "நீங்க சும்மா இருங்க மாப்ளே, ஒரு தடவை பாத்துக்கிட்டே இருந்ததுக்குத்தான் இந்த நிலைமை." "அவகிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லிறாதீங்க டாக்டர். பயந்துருவா" என்றார் ராஜாங்கம். உள்ளே இரண்டு ஆண்கள் அவளுடைய கண்ணுக்காக ஏலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே அந்தக் கண் திறந்துகொண்டு, எதிர்ச்சுவரில் ஒரு பல்லி பூச்சியைக் கவ்வுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அரிப்பு நெருப்பாகிவிட்டது. ஓசை வேகமெடுத்தது. தாலியைக் கட்டிய கை, டின்னை மாற்றிய கை, பலகையை மறைத்து நண்டு நடை நடந்த கால். பயந்துருவா, பயந்துருவா, பயந்துருவா என்றே இந்த எந்திரமும் அறைந்துகொண்டிருந்தது. யார் பயந்தது? மஞ்சள் கயிறு வாங்க ஓடியது யார்? இருவரும் தங்கள் பயத்தைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டிவிட்டு, பார் எப்படிப் பயப்படுகிறாள் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விரல்கள் பந்தை நசுக்கின. நசுக்கியது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. எங்கோ மணி அடித்தது. ஓசை அறுந்து விழுந்தது.

"என்னம்மா ஆச்சு? மூச்சு முட்டுதா?" ரெஜினாவின் குரல் தலைக்கு மேலேயிருந்து, ஒலிபெருக்கியின் கரகரப்போடு வந்தது.

"இல்ல."

"பயமா இருக்கா?"

அந்தச் சொல். "நீங்க இப்ப எடுக்கிறது, கண்ணுக்குள்ள போயிருச்சான்னு பாக்கத்தானே?"

"அதெல்லாம் டாக்டர் படத்தைப் பாத்துட்டுச் சொல்லுவாங்கம்மா."

"யார்கிட்ட?"

முன்னைவிடத் தணிந்த குரலில், கரகரப்பே இல்லாமல், வாயை ஒலிவாங்கியிடம் மிக அருகில் கொண்டுவந்து பேசுகிறவளைப் போல, "இந்தப் படம் கெட்டுப்போச்சும்மா, இதை மட்டும் திருப்பி எடுக்கணும். எடுக்கட்டுமா, இல்ல வெளிய வர்றீங்களா?" என்றாள் ரெஜினா. எடுக்கட்டுமா. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு மனிதப்பிறவி அவளிடம் கேள்விக்குறியோடு முடிகிற ஒரு வாக்கியத்தைச் சொன்னது. தவமணிக்கு வந்தது அழுகையில்லை, கோபம்தான், இவ்வளவு சிறியது இது, இவ்வளவு எளியது, இதைச் செய்வதற்கா அவர்களுக்கு வாய் வரவில்லை என்ற கோபம். "எடுங்க" என்றாள்.

அப்புறம் அவள் உண்மையிலேயே அசையவில்லை. யாரோ சொன்னதற்காக அல்ல. உருளை சுற்றிக்கொண்டிருக்கும்போது பொறுமையில்லாமல் வாயைத் திறந்தால் மொத்த வறுவலும் கெடும். அதைத் தெரிந்தவள் அவள். இந்தப் படம் நன்றாக விழ வேண்டும், ஏனென்றால் இது அவளுடைய படம். நடுவில் ரெஜினா உள்ளே வந்து கையில் மருந்து ஏற்றினாள். கட்டி பளிச்சென்று தெரியுமாம் அதில். நரம்பு வழியே ஒரு குளிர் முழங்கையிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து கழுத்துக்கும் ஏறி, எங்கேயோ உள்ளே போய் அந்த எலுமிச்சையைச் சுற்றிக்கொண்டது. போகும்போது ரெஜினா தானாகவே தவமணியின் தோள்பட்டைக்குக் கீழே கையை விட்டு அழுத்திச் சொறிந்துவிட்டுப் போனாள், எப்படித் தெரிந்ததோ. எல்லாருக்கும் அங்கேதான் அரிக்கும் போலிருக்கிறது. ஓசை மறுபடி தொடங்கியது. இம்முறை அவள் அதைக் கேட்டாள், தாளம் பிடித்துக் கேட்டாள், வெடியைக் கேட்பதைப் போல. மூக்கு இனி இல்லை. சரி. அந்த ஊர் டாக்டரின் பேப்பர்வெயிட்டை அவன் தலையில் போட்டாலும் அது இனி வராது. மீதியிருப்பது காதும் கண்ணும். வெடியைக் கேட்டு, நிறத்தைப் பார்த்து, சிறு கரண்டியில் நாலு கொட்டையை எடுத்து நசுக்கி நாக்கில் வைத்து, பழைய மணத்தை நம்பாமல் வறுக்கக் கற்றுக்கொள்ள முடியாதா? முடியும். நிறம் பார்க்க ஒரு கண் போதாதா? போதும். அல்லது போதாது. இரண்டு கண்ணிருந்தும் அரையிருட்டில் பழுப்புக்கும் கருப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் திணறியிருக்கிறாள். யோசிக்க வேண்டும். கேட்க வேண்டும்: மருந்து ஏற்றினால் எத்தனை பேருக்குச் சுருங்குகிறது, சுருங்காவிட்டால் கத்திக்கு வழி இருக்குமா, கண்ணை எடுத்தால் இமை மிஞ்சுமா, கதிர்வீச்சில் மற்றக் கண்ணுக்கு என்ன ஆகும். இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட அவர்கள் கேட்கவில்லை. அவர்கள் எடு, எடுக்காதே என்று இரண்டே சொல்லில் சண்டை போட்டார்கள். கண்ணைக் கொடுக்க அவளுக்கு மனமில்லாமலில்லை. ஒருவேளை கொடுத்துவிடுவாள். ஆனால் கொடுப்பதென்றால் அவள் கொடுக்க வேண்டும்; அவள் தூங்கும்போது, சைனஸ் என்று சொல்லி மயக்கி, எழுந்து பார்க்கிறபோது பஞ்சு வைத்துக் கட்டியிருக்கக் கூடாது. மாற்றி வைத்த அந்த டின்னை அவள் இன்னொரு முறை திறக்க மாட்டாள்.

படுக்கை வெளியே நகர்ந்தது. வெளிச்சம் கூசியது. கூண்டைக் கழற்றிய ரெஜினா பந்தை வாங்கப் பார்த்தாள். விரல்கள் பிடித்துக்கொண்டுவிட்டிருந்தன, ஒவ்வொன்றாக விரித்து எடுக்க வேண்டியிருந்தது. "நல்லா வந்திருக்கும்மா படம்" என்றாள். முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள், இடக்கண்ணையும் சேர்த்து. வராந்தாவில் ராஜாங்கம் பாய்ந்து எழுந்தார். கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த தாலிச் சங்கிலியை அவிழ்த்துக்கொண்டே, "முதல்ல இதப் போட்டுக்க தவம், அப்புறம் மத்தது" என்றார். அவருடைய உதடு வறண்டிருந்தது; காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டார். அவளுக்கு இரக்கம் வந்தது. இரக்கம் வந்தது என்பதற்காகக் கோபம் போய்விடவில்லை. இரண்டும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. "வச்சிருங்க, வாரேன்" என்றாள். "என்ன சத்தம் போட்டுச்சா பாப்பா? சைனஸுக்கு இம்புட்டுப் பெரிய மிஷினாக்கும்" என்று அண்ணன் சிரித்துக்காட்டினார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைத் தேடினார். வராந்தாவில் மின்விசிறி இல்லை.

அவள் உட்கார்ந்தாள். அவர்கள் உட்கார்ந்தார்கள். எத்தனையோ பெயர்களைக் கூப்பிட்ட பிறகு, டாக்டரின் அறை வாசலிலிருந்து ஊழியரின் குரல் வந்தது.

"தவமணி கூட வந்தவங்க."

இருவரும் எழுந்தார்கள். அவளும் எழுந்தாள். முழங்கையைத் தொட வந்த அண்ணனின் கையை எடுத்து அவர் பக்கமே தாழ்த்திவிட்டு, "ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியே உக்காருங்க" என்றாள். குரல் உயரவில்லை. கடையில் கூட்டம் நெருக்கும்போது வரிசையில் நிற்கச் சொல்லும் குரல்தான். ராஜாங்கம் அவளுடைய கண்களைப் பார்த்தார், இரண்டையும். தாலிச் சங்கிலியை முடிச்சோடு கையில் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

"கூட வந்தவங்களைத்தாம்மா வரச் சொன்னாங்க" என்றார் ஊழியர்.

"தவமணியே வந்திருக்குன்னு சொல்லுங்க."

வாசலில் கால்மிதி இன்றும் மடங்கித்தான் கிடந்தது. அவள் அதைக் காலால் நேராக்கினாள், விளிம்பு வரைக்கும் நீவிவிட்டாள். உள்ளே போய்த் திரும்பிக் கதவைத் தள்ளினாள். அது முழுதாகச் சாத்திக்கொண்டது. திரையில் அவளுடைய தலை வட்டம் வட்டமாக விரிந்து கிடந்தது. இடப்பக்கத்தில் ஒன்று, வெள்ளையாகப் பளிச்சிட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் நாச்சியப்பன் நிமிர்ந்து அவளுக்குப் பின்னால் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் வரலையாம்மா?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரைக்கு நேரெதிராக உட்கார்ந்தாள்.

"அவருக்கு இப்போதைக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம் டாக்டர். பயந்துருவாரு. நீங்க எங்கிட்டச் சொல்லுங்க."